அம்மா பேரில் மூணு மா நிலம்

காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக நிலம் வந்தது, உழுகிறவருக்கு நிலம் வாங்கித் தரும் அவர்களுடைய லாப்டி (LAFTI) இயக்கம் வழியாக. ஒரு ஏக்கர். எங்கள் கீழத்தஞ்சைக் கணக்கில் மூணு மா.

இளையவர்களுக்காக ஒரு வரி. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டம் முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலிக் குடும்பத்தினர் 44 பேரை மிராசுதார்களின் ஆட்கள் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதன் ஐயாவும் எங்கள் பக்கம் வந்தார்கள். நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். 1981-ல் லாப்டியைத் தொடங்கினார்கள். மிராசுதாரிடம் பேசி விலைக்கு வாங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வழி. பத்திரம் பெண்கள் பேரில்தான்.

எங்கள் மாமா செங்கொடிச் சங்கத்துக்காரர், அதாவது கம்யூனிஸ்டுகளின் விவசாயத் தொழிலாளர் சங்கம். "நம்ம பாட்டன் உழைச்ச மண்ணுக்கு அவனுக்கே காசு கொடுக்கணுமா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் கிடையாது. கூலிக்காரரைச் சவுக்கால் அடிப்பதும் சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் ஒழிந்தது சங்கத்தால்தான், அதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். பத்திரம் தன் பேரில் இல்லை என்று அப்பாவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அவர் குடிக்கிறவர் இல்லை. இருந்தும் அக்கா கல்யாணத்துக்கு நிலத்தை அடகு வைக்கக் கிளம்பினார். அம்மா கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் பெரிய சண்டை. கல்யாணம் எளிமையாக நடந்தது, நிலம் தப்பியது. இன்னொன்று: குதிரில் சொந்த நெல் கிடந்ததால், நடவுக்குக் கூலியைக் குறைத்துப் பேசினால் அம்மா "நாளைக்கு வரலை" என்று சொல்லிவிடுவார். முன்பெல்லாம் அப்படிச் சொல்ல வாய் வராது. எனக்கு சத்தியாகிரகம் என்றால் நினைவுக்கு வருவது அதுதான். மூணு மாவில் யாரும் பணக்காரர் ஆகவில்லை, மேட்டூர் திறக்காத வருஷம் தரிசுதான்.

அம்மா போய்விட்டார். பட்டா இன்னும் மாற்றவில்லை. அக்கா பேருக்கு எழுதலாம் என்கிறேன், தம்பி முறைக்கிறான்.

*

மேலே எழுதியவர் வேறு, நான் வேறு; நான் கடலோரம். எங்கள் ஊருக்கு ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாளும் வந்தது இறால் பண்ணையை எதிர்க்க. நெல் விளைந்த இடத்தில் பண்ணைக்காரர்கள் குளம் வெட்டி உப்புத்தண்ணீரை நிறுத்தினார்கள். பக்கத்து வயல் வெளுத்தது, அடிபம்பில் உவர் ஏறியது. நடவு, களை, அறுப்பு என்று ஊரே இறங்கின நிலத்தில் காவலுக்கு நாலு ஆள் போதுமென்று ஆனது. கூலிக்காரர்களுக்கு அதுதான் பேரிடி. வெளியூரில் இருந்து எழுதுகிறவர்கள் சுற்றுச்சூழல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

உண்ணாவிரதம், மறியல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜெகந்நாதன் ஐயா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், எண்பதை ஒட்டிய வயதில். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைக் குளம் கூடாது, விளைநிலத்தை அதற்கு மாற்றக் கூடாது, வேலையிழந்த தொழிலாளிக்கு இழப்பீடு வேண்டும். ஊரில் வெடி வெடித்தோம்.

பிறகு 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனி ஆணையச் சட்டமே கொண்டுவந்து பண்ணைகளுக்குப் பதிவு கொடுக்க வழி செய்தது. தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.