மல்டி-எஃபெக்ட்ஸை வீட்டில் எதில் சொருகுவது: ஆம்பா, மானிட்டரா?

கம்பிக்காரன்: பாஸ் ஜிடி-1 என்ற கிட்டார் மல்டி-எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஹெட்போனில் பிரமாதம். அதையே என் பழைய 15 வாட் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் கொடுத்தால், யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி கேட்கிறது. ஆம்பை விற்றுவிட்டு 5 அங்குல ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கலாமா?

மாடிவீட்டான்: தாராளமாக. அந்தப் பெட்டி ஆம்ப், ஸ்பீக்கர், மைக் மூன்றின் வேலையையும் தானே செய்துதான் சத்தத்தை வெளியே விடுகிறது. கிட்டார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் படுத்துவிடும். செலெஸ்டியன் கம்பெனியின் விண்டேஜ் 30 என்ற கிட்டார் ஸ்பீக்கரின் கணக்கே 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். பெட்டி ஏற்கெனவே வெட்டிய டிரெபிளை, அதாவது கூர்மையான மேல் ஒலியை, ஆம்பும் மறுபடி வெட்டினால் போர்வைதான் மிஞ்சும்.

டியூப்பிரியன்: விற்காதீர்கள் தம்பி! மெனுவில் அவுட்புட் செலக்ட் என்று ஒன்று இருக்கும், லைன்/ஃபோன்ஸில் நிற்கிறதா பாருங்கள். அது ஹெட்போனுக்கானது. ஸ்மால் ஆம்ப் அல்லது காம்போ ஆம்புக்கு மாற்றுங்கள், பேட்சில் (நீங்கள் சேமித்து வைத்த ஒலி அமைப்பில்) ஆம்ப் மாடலையும், அதாவது பெட்டி போடும் ஆம்ப் வேஷத்தையும், அணையுங்கள். ஆம்பின் பின்பக்கம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்ற துளை இருந்தால் அதில் சொருகி, காம்போ ரிட்டர்ன் வையுங்கள்; ஒலிக்கு நிறம் கொடுக்கும் முதல் கட்டமான ப்ரீஆம்பே குறுக்கே வராது, ஆம்ப் மாடலையும் அணைக்க வேண்டாம். பைசா செலவில்லை.

மாடிவீட்டான்: ரிட்டர்ன் இல்லாவிட்டால்? ஆம்ப் மாடலை அணைத்துவிட்டு வாசிக்க எதற்கு அண்ணா அந்தப் பெட்டி?

டியூப்பிரியன்: டிலே, ரிவெர்ப் (அறை எதிரொலி), வா பெடல் மாதிரி எஃபெக்ட் எல்லாம் கணக்கில் இல்லையா? 12 அங்குலக் கூம்பு காற்றைத் தள்ளி முழங்காலில் மோதும் சுகம் மேசை மானிட்டரில் வராது. நீங்கள் சொன்ன விண்டேஜ் 30-க்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 100 டெசிபெல்.

மாடிவீட்டான்: 100 டெசிபெல்லை வைத்து ஃபிளாட்டில் என்ன செய்வது? கீழ்வீட்டுப் பாட்டி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். எனக்கு நடந்ததுதான். மெல்லிய சத்தத்தில் காதுக்கு பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, குறைவாகத்தான் எட்டும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே வளைகோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். ஹெட்போனோ மானிட்டரோ, வாசிக்கப்போகிற சத்தத்திலேயே பேட்சைத் திருத்த வேண்டும்.

நடுராத்திரி: மானிட்டர் வாங்கினால் கேபிளில் கவனம். என்னுடைய வேறொரு பெட்டியில் ஒரே ஸ்டீரியோ ஜாக்தான். மூன்று முனை கேபிளால் மானிட்டரின் பேலன்ஸ்டு இன்புட்டில் (இரண்டு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் துளையில்) நேராகச் சொருகினேன். இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. கிட்டார் காணோம், ரிவெர்பின் வால் மட்டும் ஆவி மாதிரி அலைந்தது. ஒரு வாரம் ஸ்பீக்கரைத்தான் திட்டினேன். கடைசியில் இடது வலது பிரிக்கும் ஒய் கேபிள்தான் காப்பாற்றியது.

கம்பிக்காரன்: காம்போ ஆம்புக்கு மாற்றினேன், ஆம்ப் மாடலையும் அணைத்தேன். போர்வை முக்கால்வாசி விலகிவிட்டது! ரிட்டர்ன் இல்லை, போனில் பாட்டுப் போடும் ஆக்ஸ் இன் துளை மட்டும் இருக்கிறது.

டியூப்பிரியன்: அதிலும் போட்டுப் பாருங்கள், பல ஆம்ப்களில் அது ப்ரீஆம்பைத் தாண்டித்தான் சேரும். ஆம்ப் மாடலைத் திரும்பப் போடுங்கள், ஸ்பீக்கர் வேஷம் போடும் ஸ்பீக்கர் சிமுலேஷன் மட்டும் வேண்டாம்.

மாடிவீட்டான்: சரி, இந்த மாதம் காசு மிச்சம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசிக்க நினைத்தால் என் கட்சிக்கு வருவீர்கள்.