தாய்லாந்துடன் கடல் எரிவாயு பாதிப் பாதி: உரிமையை விட்டுக்கொடுத்தோமா?

சிப்புட்_டியூஷன் டீச்சர்:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) பிள்ளைகள் பட்டிமன்றத்துக்குத் தயாராகிறார்கள். ஒரு அணி "தகராறுள்ள கடலில் முதலில் துளை போட்டவனுக்கே சொந்தம்" என்கிறது. இன்னொரு அணி "தாய்லாந்தோடு பங்கு போட்டதே தோல்வி" என்கிறது. எது சரி? பங்கு எப்படிப் பிரிகிறது? இந்தோனேசியாவோடு தகராறுள்ள, சபாவுக்கு அருகிலுள்ள அம்பலாட் கடலில் ஏன் அப்படிச் செய்யவில்லை?

கண்டத்திட்டு:
டீச்சர், இரண்டு வாதமும் நிற்காது. பங்கீட்டை முதலில் பார்ப்போம். தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ லோசின் என்ற சிறு பாறையைக் கணக்கில் வைத்துத் தாய்லாந்து கோடு வரைந்தது. மலேசியா அந்தப் பாறையை ஏற்கவில்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவே மாட்டியது சுமார் 7,250 சதுர கிலோமீட்டர். 1979 பிப்ரவரியில் சியாங் மாயில் கையெழுத்தான உடன்பாடு, எல்லைப் பேச்சை ஒத்திவைத்து 50 ஆண்டுகளுக்குக் கூட்டாக எடுக்கலாம் என்றது. அதற்குள் எல்லை முடிவாகாவிட்டால் ஏற்பாடு அப்படியே தொடரும். யாருடைய உரிமைக்கோரலும் இதனால் பாதிக்கப்படாது. ஆகவே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

கணக்கு இதுதான். 100 ரிங்கிட்டுக்கு எரிவாயு விற்றால் முதலில் 10 ராயல்டியாக (உரிமைப் பங்கு) இரு நாடுகளின் கூட்டு ஆணையத்துக்குப் போகும். ஒப்பந்த நிறுவனங்கள் செலவுக்காக அதிகபட்சம் 50 எடுக்கலாம். செலவு அந்த உச்சத்தைத் தொட்டால் மிஞ்சும் 40இல் ஆணையத்துக்கு 20, நிறுவனங்களுக்கு 20. ராயல்டியோடு சேர்த்து ஆணையத்துக்கு வந்த 30ஐ இரண்டு அரசாங்கமும் ஆளுக்கு 15 ஆகப் பிரித்துக்கொள்ளும். செலவு குறைந்தால் அரசாங்கப் பங்கு கூடும். பிள்ளைகள் பலகையில் 30 செலவு என்று போட்டு மறுபடி கணக்கிடட்டும், ஆளுக்கு 20 வரும்.

தாமதத்தையும் சொல்லச் சொல்லுங்கள். தாய்லாந்தில் இருந்தது சலுகை உரிம முறை (நிறுவனம் உரிமம் பெற்று எடுத்து, அரசுக்கு ராயல்டியும் வரியும் கட்டும்), நம்மிடம் உற்பத்திப் பங்கீட்டு முறை (எடுத்ததை அரசுத் தரப்பும் நிறுவனமும் பிரித்துக்கொள்ளும்). எந்தச் சட்டத்தில் ஓட்டுவது என்பது முடிவாகவே 1990 ஆனது. முதல் எரிவாயு வந்தது 2005இல்.

எல்லைக்கல்:
"முதலில் துளை போட்டவன்" அணிக்கு என் பதில். கேமரூன்–நைஜீரியா வழக்கில் 2002இல் அனைத்துலக நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: எண்ணெய்க் கிணறுகள் தாமாகவே கடல் எல்லையை நகர்த்தாது, இரு நாடுகளிடையே வெளிப்படையான அல்லது மறைமுகமான இணக்கம் இருந்தால்தான் அவற்றுக்கு எடை. கயானா–சுரினாம் தீர்ப்பு (2007) இன்னும் பயனுள்ளது. தகராறுப் பகுதியில் நில அதிர்வு ஆய்வு (ஒலி அலை அனுப்பிக் கடலடியை அறிவது) செய்யலாம். கடலடியை நிரந்தரமாக மாற்றும் துளையிடல் கூடாது. 2000இல் துளைமேடையைக் கடற்படையை வைத்து மிரட்டி விரட்டிய சுரினாமையும் அது கண்டித்தது.

இந்தோனேசியாவும் கோரிய சிப்பாடான், லிகித்தான் தீவுகள் 2002இல் அதே நீதிமன்றத்தில் நமக்கு வந்ததும் எண்ணெயால் அல்ல. 1917 ஆமை முட்டைச் சட்டம், 1933இல் சிப்பாடானைப் பறவைச் சரணாலயமாக்கியது, 1962, 1963 கலங்கரை விளக்கங்கள் ஆகிய நிர்வாகச் செயல்களைத்தான் நீதிபதிகள் எடைபோட்டார்கள். 16க்கு 1 என்று தீர்ப்பு. தகராறு 1969இல் வெளிப்பட்டது. பழைய நிர்வாகத்தின் இயல்பான தொடர்ச்சியாக இல்லாமல், தன் பக்கத்தை வலுப்படுத்த அதற்குப் பிறகு செய்தவை எடுபடாது. மீனவர்கள் தாமாகப் போய் மீன் பிடித்ததும் அரசின் செயலாகாது. தோட்டத்தில் வேலியை இரவோடு இரவாகத் தள்ளிப் போட்டால் பட்டா மாறாது இல்லையா, அதே கதைதான்.

கண்டத்திட்டு:
அம்பலாட்டுக்கு வருகிறேன். பல பிள்ளைகள் தடுமாறும் இடம் இது: 2002 சிப்பாடான்–லிகித்தான் தீர்ப்பு தீவுகளை மட்டும் தந்தது, சுற்றியுள்ள கடலைப் பிரிக்கவில்லை. 2005 பிப்ரவரியில் நம் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் அங்கே இரண்டு ஆழ்கடல் தொகுதிகளை ஷெல்லுக்குக் கொடுத்தது. அதே பரப்பில் இந்தோனேசியா ஏற்கெனவே வேறு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருந்தது. இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் நெருங்கின. உரிமத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பேச்சுக்கு வந்தால் இரு தலைநகரிலும் பின்வாங்க இடமிருக்காது, அதுதான் சிக்கல். 2025 ஜூனில் ஜகார்த்தாவில் நம் பிரதமர் அன்வாரும் இந்தோனேசிய அதிபர் பிரபோவோவும் அம்பலாட்டில் கூட்டு மேம்பாடு என்று அறிவித்தார்கள். தாய்லாந்து அனுபவப்படி, அறிவிப்புக்கும் எரிவாயுவுக்கும் இடையில் நீண்ட காலம் கிடக்கிறது.

வியட்நாமோடு நாம் செய்த கூட்டு ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992இல் உடன்பாடு, 1997இல் எண்ணெய். தனி ஆணையம் அமைக்காமல் பெட்ரோனாஸ், வியட்நாமின் அரசு நிறுவனமான பெட்ரோவியட்நாம் இரண்டிடமும் விட்டதே வேகத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

சிப்புட்_டியூஷன் டீச்சர்:
நன்றி ஐயா. ஒரு மாணவி கேட்கிறாள்: தாய்லாந்தோடான அந்தக் கூட்டுப் பகுதியில் குற்றம் நடந்தால் எந்த நாட்டுச் சட்டம்?

எல்லைக்கல்:
நல்ல கேள்வி. குற்றவியல் அதிகாரத்துக்கு மட்டும் பகுதிக்குள் ஒரு கோடு உண்டு. ஒரு பக்கம் தாய்லாந்து, மறுபக்கம் மலேசியா. அது கண்டத்திட்டின் (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலப்பரப்பின்) எல்லை ஆகாது என்று உடன்பாட்டிலேயே எழுதிவிட்டார்கள். எதிரணி அந்தக் கோட்டை எல்லை என்று காட்டினால் உடனே மறுக்கச் சொல்லுங்கள்.