4 நாள் சைக்கிள் பயணம், 10 வாரம் இருக்கிறது: முட்டி வலி, விரல் மரப்பு, பயிற்சி எப்படி?

கேள்வி

நண்பர்கள் ஐந்து பேர் 4 நாளில் 320 கி.மீ. போகிறோம். துணிமணி, சாமான் எல்லாம் சைக்கிளிலேயே. இப்போது 40 கி.மீ. வரை ஓட்ட முடிகிறது. ஆனால் 30 தாண்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகின்றன. 2 மணி நேரம் ஆனதும் காலில் வலுவே இருப்பதில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு முறையாவது 80 கி.மீ. ஓட்டிப் பார்க்க வேண்டுமா? ஹைபிரிட் சைக்கிள், பின்னால் 8 கியர்.

பதில் 1

தூரத்தைக் கூட்டுவதை இந்த வாரம் நிறுத்தி வையுங்கள். முட்டியைச் சரி செய்யாமல் தூரம் கூட்டினால் வலிதான் கூடும்.

முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: சீட் தாழ்வாக இருப்பது, கனமான கியரில் மெதுவாக மிதிப்பது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்போதும் முட்டி மடங்கியிருந்தால் சீட் தாழ்வு. ஒரே தடவையில் ஏற்றாதீர்கள்; 5 மி.மீ. ஏற்றி, இரண்டு தடவை ஓட்டிவிட்டு அடுத்த 5. சீட் கம்பியில் பழைய உயரத்துக்கு டேப் ஒட்டி வைத்தால் திரும்ப வரலாம்.

அடுத்து, வலது முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணுங்கள். 20 முதல் 22 வந்தால் நல்லது. 15 என்றால் இரண்டு கியர் இலகுவாக்கி, வேகமாகச் சுழற்றி மிதியுங்கள். வேகம் அதேதான் இருக்கும், ஒவ்வொரு மிதியிலும் முட்டி தாங்கும் பாரம் குறையும்.

குறிப்பாக அந்த இரண்டு விரல் மரத்தால், உள்ளங்கையின் வெளியோரம் ஓடும் நரம்பு அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழே சரிந்திருக்கிறதா பாருங்கள். சரிந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கி, முழுப் பாரமும் கைக்கு வரும். மட்டமாக வைத்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, அடிக்கடி பிடியை மாற்றுங்கள். கையுறை அதற்கு அப்புறம்தான்.

பதில் 2

80 ஓட்டியே ஆக வேண்டியதில்லை. ஒரு நாள் 80 ஓட்டுவது கடினமில்லை; மறுநாள் காலை, களைத்த காலோடும் அழுந்திய பிட்டத்தோடும் மறுபடி ஏறுவதுதான் கடினம். அதனால் அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டிப் பழகுங்கள்.

வாரம் 1 முதல் 3: சனிக்கிழமை 40, 45, 50 கி.மீ.; ஞாயிறு அதில் பாதி. 4ஆம் வாரம் 35 மட்டும். அந்தக் குறைப்பைத் தவிர்க்காதீர்கள், உடல் தேறுவது ஓய்வில்தான். 5 முதல் 7 (சனி/ஞாயிறு): 55/30, 60/40, 65/45. 8ஆம் வாரம் 45. 9ஆம் வாரம் பயணப் பைகளோடு 70/60. கடைசி வாரம் 20 கி.மீ. இரண்டு தடவை, இலகுவாக. வாரநாளில் இரண்டு முறை 45 நிமிடம். அதில் ஒன்றில் ஏற்றத்திலோ எதிர்காற்றிலோ 4 நிமிடம் அழுத்தமாக, 3 நிமிடம் இலகுவாக, ஐந்து சுற்று. நீண்ட ஓட்டத்தில் மட்டும் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள்.

2 மணி நேரத்தில் வலு போவது மாவுச்சத்துக் குறைவு. பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். முதல் 40 நிமிடத்தில் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். வெயிலில் உப்பும் சேர வேண்டும்.

கேட்டவர்

சீட்டை இரண்டு தடவையாக 10 மி.மீ. ஏற்றினேன். முன்பக்க வலி போய்விட்டது. இப்போது முட்டிக்குப் பின்னால் இழுக்கிறது.

பதில் 1

கொஞ்சம் கூடிவிட்டது. பின்னாலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் உறுதி. 3 மி.மீ. இறக்குங்கள். ஒரு வாரம் கழித்தும் இழுத்தாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 3

பையோடு ஓட்டும் பயிற்சியை ஒரு வாரத்தோடு விடாதீர்கள். 7ஆம் வாரமே பாதிச் சாமானோடு தொடங்குங்கள். பாரம் ஏறினால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் கூடும், ஏற்றத்தில் கியர் போதாமல் போகும், கட்டு சரியில்லை என்றால் பை ஸ்போக்கில் உரசும். இதெல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். கனமானதைப் பையின் அடியில் போட்டு, இரண்டு பக்கமும் சம எடையாக்குங்கள். பின் டயரின் காற்றைக் கூட்டுங்கள், பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்குள்.

ஐந்து பேரும் சேர்ந்து இரண்டு பயிற்சியாவது ஓட்டுங்கள். மெதுவாக ஓட்டுபவர் முன்னால், அல்லது இரண்டாவதாக. கடைசியில் விட்டால் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் துரத்திப் பிடிக்க வேண்டி வரும். மற்றவர்கள் நின்று இளைப்பாறியிருப்பார்கள், அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். பிற்பகலில் முதலில் சோர்வது அவர்தான். ஒவ்வொருவருக்கும் சொந்த டயர் அளவில் இரண்டு ட்யூப் இருக்கட்டும். வால்வு வகை ஒத்துப் போகிறதா என்று பம்பை வைத்து இப்போதே சோதித்துவிடுங்கள்.