உயிர்களின் உருவத்தைக் குறுக்கும் உரிமை நமக்கு உண்டா?

தண்டையார்பேட்டை ஆசிரியர்

எங்கள் தெருவில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முதல் தளத்திற்குச் சென்ற மாதம் புங்கனூர்க் குட்டை இனக் கன்று ஒன்றை வாங்கி வந்திருக்கிறார்கள். மாலையானால் பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக நின்று அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதன் அழகை நான் மறுக்கவில்லை. இரவில் அது தனியாகக் கத்துவது எங்கள் வீடுவரை கேட்பதால்தான் இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன்.

புங்கனூர் மாடு ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதி வறண்ட நிலத்தில், கிடைக்கும் காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கும்படி உருவான இனம். வளர்ந்த பசுவே 70 முதல் 90 சென்டிமீட்டர் உயரந்தான் இருக்கும். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 2003-இல் எலும்புகளாகக் கண்டெடுக்கப்பட்ட பழைய மனித இனம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய உயரம் கொண்டது. சிசிலித் தீவில் ஒருகாலத்தில் வாழ்ந்த யானைகள் தோள்வரை ஒரு மீட்டர் அளவே இருந்தன. தீனி குறைவு, வேட்டையாடும் பெரிய விலங்கும் இல்லை என்ற நிலையில் சிற்றுடலே பிழைக்கும் என்பதால் பல தலைமுறைகளில் அந்த உருவம் அமைந்தது. இன்று சந்தையில் நடப்பது வேறு. இருக்கும் குட்டை மாடுகளிலும் ஆகக் குட்டையானவற்றை மட்டும் இணைசேர்த்து, வரவேற்பறைக்குள் நிற்கும் அளவுக்கு இன்னும் சிறிதாக்கி விற்கிறார்கள். தொட்டியில் ஆலமரத்தைக் கம்பி சுற்றிக் குறுக்குவதையும் நான் இதனோடுதான் சேர்ப்பேன். தான் வாழ்வதற்காகச் சிறுத்த உயிரையும், நாம் பார்த்து மகிழ்வதற்காகச் சிறுக்க வைக்கப்பட்ட உயிரையும் ஒன்றாகப் பேசக்கூடாது என்பது என் தரப்பு.

பெரம்பூர் மாடித்தோட்டக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் போன்சாய் என்னும் தொட்டிக் குறுமரங்களை வளர்ப்பவன் என்ற முறையில், ஆலமரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. போன்சாய் மரம் குட்டை இனமே அல்ல. அதன் மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. என் தொட்டியில் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கும் ஆலின் விதையைத் தரையில் ஊன்றினால் தெருவையே மூடும் மரம் வரும். வேர் பரவும் இடம் குறைவாக இருப்பதும், வேரையும் கொழுந்தையும் காலம் பார்த்துக் கத்தரிப்பதும்தான் அதைச் சிறிதாக வைத்திருக்கின்றன.

ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் உள்ள பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். காக்கையும் மைனாவும் எச்சத்தோடு இட்ட விதை விரிசலில் முளைத்து, கைப்பிடி மண்ணும் இல்லாமல், மழைநீரை மட்டும் நம்பி, அரசும் ஆலும் பல ஆண்டுகள் முழ உயரத்திலேயே நிற்கின்றன. அடித்தண்டு மட்டும் கிழமரத்தைப் போலப் பருத்திருக்கும். என்னிடம் உள்ளவற்றில் பாதி மரங்கள் இடிக்கப்பட்ட கட்டடங்களின் சுவரிலிருந்து நான் பெயர்த்தெடுத்தவை. எடுக்காமல் விட்டிருந்தால் அவை இடிபாட்டோடு லாரியில் போயிருக்கும். கம்பி சுற்றுவது சில மாதங்களுக்குத்தான். பட்டையில் பதிவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். பட்டினி போட்டு மரத்தைக் குறுக்குகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டினி போட்டால் மரம் செத்துவிடும். ஜப்பானில் 1625 முதல் தொட்டியில் வளர்ந்துவரும் வெள்ளைப் பைன் மரம் ஒன்று, 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்த நகரிலேயே இருந்தும் பிழைத்தது. அதை வளர்த்த குடும்பம் 1976-இல் அமெரிக்காவுக்குக் கொடையாக அளித்தது. இன்று வாஷிங்டனில் நிற்கிறது. ஐந்தாறு தலைமுறைகள் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றிக் காத்த ஒரு மரத்தைக் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாதவரத்திலிருந்து, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

குறுக்குவதே தவறு என்று தொடங்கினால், நம் சோற்றுத் தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் தந்தையார் பொன்னேரிப் பக்கம் நெல் பயிரிட்டவர். அந்தக் காலத்து நெற்பயிர் மார்பளவு வளரும். உரம் கூடுதலாக இட்டால் கதிர் கனத்து, அடைமழையில் தாள் மடிந்து சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்துவிடும். தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லையும் இந்தோனேசியாவின் பேட்டா என்ற நெட்டை நெல்லையும் ஒட்டுச் சேர்த்து, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 இந்தச் சிக்கலைத் தீர்த்தது. தண்டை நீட்டும் ஜிப்பரெல்லின் என்ற ஊக்கி அதில் குறைவாக உண்டாவதால் தாள் குட்டையாகவும் உறுதியாகவும் நிற்கிறது. தாளுக்குப் போன சத்து மணிக்குப் போகிறது. கோதுமையிலும், ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமையின் வழியில் வந்த ரகங்களின் விதையை 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் தருவித்தோம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நாடு தன் களஞ்சியத்தை நிரப்பிக்கொண்டதில் இந்தக் குட்டைப் பயிர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. வைக்கோல் குறைந்துவிட்டது என்று என் தந்தையார் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார். மாட்டுக்கும் கூரைக்கும் அதுதான் ஆதாரமாக இருந்தது. தென்னையிலும் இப்படித்தான். சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டை மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும், இளநீர் இனிக்கும், ஏறாமலே பறிக்கலாம். ஆனால் அதன் கொப்பரை தரமாக இராது, நெட்டையைப் போல நீண்ட காலமும் நிற்காது. அதனால்தான் நெட்டையையும் குட்டையையும் கலந்து வீரிய ஒட்டு உண்டாக்கினார்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்

அலுவலர் ஐயா சொன்னதை ஏற்று, நெல்லையும் தென்னையையும் என் குற்றச்சாட்டிலிருந்து விலக்கிக்கொள்கிறேன். பசிக்காகச் செய்ததை விளையாட்டுக்காகச் செய்ததோடு நான் சேர்த்திருக்கக் கூடாது. பெரம்பூர் நண்பருக்கு மட்டும் ஒரு கேள்வி: சுவரில் முளைத்த ஆல், வேர் தரையைத் தொட்ட நாளிலிருந்து பெருமரமாகத்தானே எழுகிறது? அந்த வழியை நீங்கள் கத்தரியால் அடைக்கிறீர்கள். மாட்டைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. ஊனமான உருவத்தை அழகென்று விலை பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கொருக்குப்பேட்டை கால்நடை மருத்துவர்

குட்டைத்தன்மையில் இரண்டு வகை உண்டு. உடல் முழுவதும் அளவொத்துச் சிறுத்திருப்பது ஒன்று. எலும்பு வளர்ச்சி தடைப்பட்டுக் கால்கள் மட்டும் குறுகுவது மற்றொன்று. புங்கனூரும் கேரளத்து வெச்சூரும் முதல் வகை. இரண்டாம் வகைக்கு அயர்லாந்தின் டெக்ஸ்டர் மாடு எடுத்துக்காட்டு. குட்டைக்கால் மரபணு தாய், தந்தை இரண்டிலும் இருந்தால், நான்கில் ஒரு கன்று உருக்குலைந்து கருவிலேயே இறந்துவிடும் வாய்ப்பு உண்டு. டாச்சுண்ட் நாயின் குட்டைக் கால்களுக்குக் காரணமான மரபணு மாற்றமும் அதன் முதுகுத்தண்டுத் தட்டுகளைப் பழுதாக்குகிறது. ஆகவே, ஆசிரியர் புங்கனூரை ஊனம் என்று சொன்னது சரியல்ல. இந்த இரண்டாம் வகையைத் தேடி வளர்ப்பதைக் கண்டித்தால் நான் அவர் பக்கம் நிற்பேன்.

குட்டை மாட்டின் மீதுள்ள விருப்பமே ஓர் இனத்தைக் காத்ததும் உண்டு. அயல்நாட்டுக் காளைகளோடு கலந்து பாலைப் பெருக்கும் கொள்கையால் வெச்சூர் ஏறத்தாழ அழிந்துபோனது. 1989-இல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப் தம் மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடி, எஞ்சியிருந்த மாடுகளைச் சேர்த்து அந்த இனத்தை மீட்டார். கொஞ்சம் தீனிக்கு வீட்டுக்குப் போதுமான பால் தரும் மாடு ஏழைக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அவர் உணர்ந்திருந்தார். இப்போதைய சந்தையில் எனக்குள்ள அச்சம் வேறு. ஆகக் குட்டையானதற்கே விலை என்றால், சில காளைகளையே திரும்பத் திரும்ப நெருங்கிய உறவில் சேர்ப்பார்கள். சில தலைமுறைகளில் கருத்தரிப்பும் நோய் எதிர்ப்பும் குறையும். அதைவிட அவசரமானது உங்கள் தெருக் கன்று. மாடு மந்தையில் வாழும் விலங்கு. இரண்டடி உயரம் என்பதால் அது நாய்க்குட்டி ஆகிவிடாது. வழுக்கும் டைல்ஸ் தரையில் குளம்பும் கெடும்.

திருவொற்றியூரில் ஒரு தாய்

மாட்டைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் நீங்கள் பேசுவதை நான்கு நாட்களாகப் படித்து வருகிறேன். "ஊனமான உருவம்" என்ற சொல்லைக் கடந்து செல்ல முடியாமல் இதை எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது, அகோண்ட்ரோபிளேசியா உள்ளவன். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அவன் கை கால்கள் குறுகியிருக்கின்றன. இப்படிப் பிறக்கும் ஐந்து குழந்தைகளில் நால்வரின் பெற்றோர் எங்களைப் போலச் சராசரி உயரம் உள்ளவர்களே. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 147 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ வளர்ந்தவர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டம் சேர்த்துக்கொண்டது, பேருந்தின் படி மட்டும் அதே உயரத்தில் இருக்கிறது. கடைவீதியில் முன்பின் தெரியாதவர்கள் கேட்காமலே அவனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். கன்றின் முன் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நம் மரபில் குட்டை உருவத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. குறுமுனி என்று அழைக்கப்படும் அகத்தியர் தனியொருவராகத் தெற்கே வந்து, தாழ்ந்த வடதிசையைச் சமப்படுத்தினார் என்கிறோம்; வாமனன் மூன்றடி கேட்டு உலகை அளந்தான் என்கிறோம். அதே மரபின் கோயில்களில், நடராசர் காலடியில் முயலகன் என்ற குட்டை உருவம் கிடக்கிறான். அவன் ஏன் மிதிபடுகிறான் என்று என் மகன் கேட்டான். அவன் அறியாமையின் உருவம் என்றேன். அறியாமையை ஏன் குட்டையாகச் செய்தார்கள் என்று திருப்பிக் கேட்டான். கற்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நான் அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாராவது எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்

அம்மா, அந்தச் சொல்லுக்காக உங்களிடமும் உங்கள் மகனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பிழை உருவத்தில் இருப்பதைப் போல எழுதிவிட்டேன். நான் கண்டித்திருக்க வேண்டியது பார்க்கும் எங்கள் கண்ணை. அந்தக் கேள்வியைப் பொறுத்தவரை, முயலகனைச் செதுக்கியவர்கள் கையெட்டும் உவமையை எடுத்துக்கொண்டார்கள், அதனால் நோகக்கூடியவர்களை அவர்கள் நினைக்கவில்லை என்று அவனிடம் நேராகச் சொல்வதே நல்லது என எனக்குப் படுகிறது. அவன் கேட்டது சரியான கேள்வி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேற்று அந்தக் குடும்பத்தாரோடு பேசினேன். மருத்துவர் எழுதியதைக் காட்டியதும் அவர்களே கலங்கிவிட்டார்கள், அன்பாகத்தான் வளர்த்திருக்கிறார்கள். செங்குன்றத்தில் அவர்களுடைய உறவினர் வீட்டில் நான்கு மாடுகளும் மேய்ச்சலுக்கு இடமும் இருப்பதால், இந்த வாரமே கன்றை அங்கே விடுகிறார்கள். போன்சாய் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பெரம்பூர் மாடித்தோட்டக்காரர்

அதற்கு என்னிடம் உள்ள விடை இரண்டு மரங்கள். 2014-இல் ராயபுரத்தில் இடிபட்ட ஒரே சுவரிலிருந்து இரண்டு ஆலங்கன்றுகளைப் பெயர்த்தேன். ஒன்றைப் புழல் பக்கம் தெரிந்தவர் நிலத்தில் ஊன்றினேன். அது இன்று இரண்டு மாடி உயரம். மற்றொன்று என் தொட்டியில் ஒன்றரை அடி. தொட்டி மரத்தின் இலை மூன்று விரல் அகலமாகச் சிறுத்துவிட்டது, பழம் சிறுக்கவில்லை. இரண்டிலும் ஒரே அளவில், ஒரே சிவப்பில் பழுக்கிறது. புழலுக்கு வரும் மைனாவும் குக்குறுவானும் என் மாடிக்கும் வருகின்றன. ஆசிரியர் ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், இரண்டையும் காட்டுகிறேன். திருவொற்றியூர் அம்மா விரும்பினால் மகனையும் அழைத்து வரலாம். தொட்டிகள் எல்லாம் தரையோடு தாழ்ந்த பலகைகளில்தான் இருக்கின்றன, அவன் கைக்கு எட்டும். பார்த்த பிறகும் கத்தரி வைப்பது தவறென்று தோன்றினால், மறுபடியும் இங்கேயே எழுதுங்கள்; நான் பதில் சொல்வேன்.