நடைபாதையில் மின்ஸ்கூட்டர்: சிங்கப்பூரில் நாங்கள் பார்த்ததும் பட்டதும்

தெம்பனிஸ்வாசி:

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரையிட்ட நடைபாதை உண்டு. 2019 வரை என் மாமியார் அதில் தூண்களை ஒட்டியே நடப்பார். நின்றபடி ஓட்டும் சிறு மின்ஸ்கூட்டர் வருவது காதில் விழாது. பின்னால் மணியடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுவார். தெம்பனிஸில் நடைபாதையில் சைக்கிள் ஓட்ட 2010-லேயே அனுமதி வந்துவிட்டது. அதனால் பாதையைப் பகிர்ந்துகொள்வது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் 20 கிலோ எடையுள்ள வண்டி வேகமாக உரசிச் செல்வதற்கு யாராலும் பழகிக்கொள்ள முடியாது. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேகவரம்பை மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். அதை யார் அளந்து பார்ப்பது? அந்தச் செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் சென்ற 65 வயது மாது, மின்ஸ்கூட்டருடன் மோதிய விபத்தில் இறந்துபோனார். நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை. நான் மனமார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன்.

அதிகாரிகள் உங்களை நிறுத்தியிருந்தால், எப்படி நடந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள்.

ஈசூன்வாசி:

அப்போது நான் மின்ஸ்கூட்டரில் உணவு விநியோகம் செய்துகொண்டிருந்தேன். நாடாளுமன்றத்தில் அறிவித்த மறுநாளே தடை அமலுக்கு வந்தது. சாலையில் ஓட்ட ஏற்கெனவே அனுமதியில்லை. தீவு முழுவதும் 5,500 கிலோமீட்டர் நடைபாதை இருக்க, சைக்கிள் பாதை அன்று 440 கிலோமீட்டர்தான். எங்கள் வட்டாரத்தில் சைக்கிள் பாதை ஒரு சந்திப்போடு நின்றுவிடும். வாடிக்கையாளரின் புளோக் அதற்கப்பால். சாப்பாடு ஆறுவதற்குள் கொடுக்க வேண்டும், வண்டியையும் தள்ள வேண்டும். அந்த வாரம் முழுவதும் எனக்குத் தோள்பட்டை வலி.

ஆண்டு இறுதிவரை எச்சரிக்கை மட்டும்தான் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாள்களில்தான் காப்பிக்கடைக்கு எதிரே இரண்டு அமலாக்க அதிகாரிகள் என்னை நிறுத்தினார்கள். ஒருவர் அளவுநாடாவை எடுத்துக் கைப்பிடியின் அகலம் பார்த்தார். 70 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. வண்டியைத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். பதிவு எண் ஒட்டுவில்லையை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அவர்களில் ஒருவர் தமிழர். "தம்பி, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் குற்றமில்லை. ஏறி ஓட்டினால் ஜனவரி முதல் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை. அப்போது நான் எழுதித்தான் ஆக வேண்டும்" என்றார். பிறகு, விநியோக ஊழியர்கள் வேறு வண்டிக்கு மாற 7 மில்லியன் வெள்ளி ஒதுக்கியிருப்பதையும், ஆளுக்கு 1,000 வெள்ளிவரை கிடைக்கும் என்பதையும் நின்று விளக்கினார். அந்தப் பணத்தில்தான் மின்சைக்கிளுக்கு மாறினேன். மின்சைக்கிளையும் நடைபாதையில் ஓட்டக் கூடாது, ஆனால் சாலையில் ஓட்டலாம். பிழைப்பு தப்பியது.

அதே மாதம் இன்னொருவர், இன்னோர் இடத்தில். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். கடைக்காரர்கள் பார்க்க, "ஓட்டிவிட்டு என்னைக் கண்டதும் இறங்கினாயா?" என்று சத்தம் போட்டார். சட்டம் ஒன்றுதான். முதலாமவர் சொன்னதை நண்பர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன். இரண்டாமவரைத் தூரத்தில் கண்டாலே நாங்கள் எல்லாரும் வேறு வழியில் போனோம். அவர் எந்த விதியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று இப்போதும் கேட்கத் தோன்றுகிறது.

புக்கிட் பாத்தோக்வாசி:

என் தந்தை பக்கவாதத்துக்குப் பிறகு இருக்கை வைத்த நடமாட்ட ஸ்கூட்டரில்தான் ஈரச்சந்தைக்குப் போகிறார். இதே வண்டியில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களும் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு பறக்கிறார்கள். அதனால் மின்தூக்கியில் அப்பாவையும் முறைக்கிறார்கள். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இவற்றின் வேகவரம்பை மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6-ஆகக் குறைக்கிறது. மருத்துவத் தேவைக்கான சான்றும் கேட்கிறது. எங்களுக்கு அது நிம்மதி. அப்பா மருத்துவமனைக் கடிதத்தை நெகிழி உறையில் போட்டு, கைப்பிடிக் கூடையில் வெற்றிலைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். சந்தை வாசலில் ஓர் அதிகாரி கேட்டபோது அவர் எடுக்கத் தடுமாறினார். அந்தப் பெண் அதிகாரி வண்டிக்குப் பக்கத்தில் குந்தியமர்ந்து, "மெதுவாக எடுங்கள் ஐயா" என்று காத்திருந்தாராம். அப்பா அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

தெம்பனிஸ்வாசி:

ஈசூன் தம்பி, உங்கள் தோள்பட்டை வலி தடையால் வந்ததல்ல, சந்திப்போடு நின்றுவிட்ட பாதையால் வந்தது. தடைக்கு முன்பே அந்தப் பாதையை இணைத்திருக்க வேண்டும். மூத்தோர் அஞ்சாமல் நடக்கத் தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாதை முடியும் இடத்தில் அதிகாரியை நிறுத்தி அபராதம் எழுதுவது அந்தச் சந்திப்பைச் சரிசெய்யாது. உங்கள் பேட்டையில் இப்படி அறுந்து நிற்கும் பாதை இருந்தால், புளோக் எண்ணைக் குறிப்பிட்டு நகர மன்றத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். உறுப்பினர் குடியிருப்பாளர்களின் குறைகேட்கும் மக்கள் சந்திப்புக்கு நேரிலும் போகலாம்.

பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 16 வயதுக்குட்பட்டவர், 21 வயது நிரம்பியவரின் கண்காணிப்பில்லாமல் சைக்கிள் பாதையில்கூட மின்ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. 2022 முதல் ஓட்டுநர்கள் எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். பழைய மின்கலத்தோடு யாராவது இன்னும் வீட்டு வாசலில் இரவு முழுவதும் மின்னூட்டம் செய்கிறார்களா? எங்கள் மாடியில் ஒருவர் செய்கிறார், தீப்பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. அவரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லுங்கள்.