பித்தப்பை ஆபரேஷன்: பச்சைச் சாயம் போட்டுச் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஏற்கெனவே வீங்கி அடங்கியதால் உள்ளே ஒட்டிப்போயிருக்கலாம், ஐ.சி.ஜி. சாயம் போட்டு லேப்ராஸ்கோபியில் எடுக்கலாம் என்கிறார் டாக்டர்.

இண்டோசயனின் கிரீன் என்ற அந்தச் சாயத்தை ரத்தநாளம் வழியாக ஏற்றினால், கல்லீரல் அதை உறிஞ்சிப் பித்தநீரில் கலந்துவிடுகிறது. சுமார் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கொழுப்புக்குள் இருக்கும் பித்தக்குழாய் திரையில் பச்சையாக ஒளிர்கிறது. பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக்குழாயை (பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் முக்கியக் குழாய்) வெட்டிவிடும் ஆபத்துதான் என் பெரிய பயம். அதனால் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சில மில்லிமீட்டர் ஆழம்வரைதான் தெரியுமாம். அழற்சியில் தடித்துப்போன இடத்தில் எவ்வளவு உதவும்?

அப்புறம், ஊசி எப்போது போட்டார்கள்? ஆபரேஷனுக்குச் சற்று முன்பு போட்டால் கல்லீரலே பளிச்சென்று ஒளிர்ந்து குழாயை மறைக்கும், முந்தின நாளே போடுவதும் உண்டு என்று படித்தேன்.

முக்கியமான கவலை: சி.டி. ஸ்கேனுக்கு அயோடின் மருந்து போட்டபோது அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இந்தச் சாயத்திலும் சோடியம் அயோடைடு சேர்ப்பதுண்டு. இப்படி அலர்ஜி உள்ள யாருக்காவது போட்டார்களா, வேண்டாம் என்று தவிர்த்தார்களா? டாக்டரிடமும் கட்டாயம் சொல்லப்போகிறேன்.

சாயத்துக்குத் தனியாகப் பணம் வாங்கினார்களா, முதலமைச்சர் காப்பீட்டில் சேர்த்தார்களா என்பதையும் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அதற்குள் தெரிந்தவர்கள், குறிப்பாக அறுவை சிகிச்சைத் துறையில் இருப்பவர்கள், தயவுசெய்து பதில் போடுங்கள்.