புதுப்பிப்பு: சேலம் அலுவலகக் கட்டடம், நெட்வொர்க் கேபிளுக்கு பைப் எப்போது போடுவது?

ஐந்து ரோடு பக்கம் நாங்கள் கட்டும் மூன்று மாடி அலுவலகத்தில் நெட்வொர்க் பைப்பை ஸ்லாப் வார்க்கும் முன்பே விட வேண்டுமா, பூச்சு முடிந்த பிறகு விட்டால் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. குடிவந்தாச்சு.

"முதலில் கடைசி மேசை வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள்" என்ற யோசனைதான் காப்பாற்றியது. தரைத்தள மூலையில், மாடிப்படிக்குக் கீழே ரேக் (எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் அலமாரி) வைப்பதாக இருந்தோம். அங்கிருந்து கடைசி மேசை வரை, ஏறி இறங்கும் நீளத்தோடு அளந்தால் 104 மீட்டர். கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிளுக்கு, இரு முனையிலும் செருகும் சின்ன வயரான பேட்ச் கார்டையும் (patch cord) சேர்த்து 100தான் எல்லை. சுவருக்குள் போவது 90-ஐத் தாண்டக்கூடாது. ரேக்கை இரண்டாம் மாடி நடுவுக்கு மாற்றினோம். இப்போது அதிகபட்சம் 62.

கரண்ட் பைப்பிலிருந்து தள்ளியே தனிப் பைப். எலக்ட்ரீஷியன் முணுமுணுத்தார், போட்டுவிட்டார்.

எதிர்பாராதது: வார்ப்பின்போது பைப்பின் ஒரு வளைவில் சிமெண்ட் பால் இறங்கி இறுகிவிட்டது. கேபிள் இழுக்கும் ஸ்பிரிங் நுழையவில்லை, புதுப் பூச்சை அரை அடி உடைத்தோம். வார்ப்புக்கு முன் பைப் வாயில் சாக்குத் துணியாவது அடைத்திருக்கலாம்.

அப்புறம், ரேக் அறைக்கு ஏசி பாயிண்ட் விட மறந்துவிட்டோம். சேலத்து ஏப்ரலில்! எக்ஸாஸ்ட் ஃபேனில் ஓடுகிறது.